யார் வைத்த பெயர்

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் வரும் மரண அறிவிப்புகளைப் பெயர்களுக்காகவே படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் என்றால் அந்தக் கட்டம் பெரும்பாலும் இப்படி அமையும். படத்துக்குக் கீழே காத்தாயி, அல்லது அங்கம்மா. வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அடுத்த வரி பிள்ளைகள்: முருகையா, சரோஜா, தமிழ்ச்செல்வன், பத்மினி. அதற்கடுத்து பேரப்பிள்ளைகள்: விக்னேஸ்வரன், புவனேஸ்வரி, கெவின்ராஜ். கடைசி வரியில் பொடி எழுத்தில் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்: லக்‌ஷனா, தர்ஷ்வின், யாழினி. நான்கு வரியும் ஒரே லயத்து வீட்டிலிருந்து கிளம்பிய குடும்பம். ஆனால் வரிக்கு வரி வேறு ஊர், வேறு காலம், வேறு ஆசை.

அந்தக் காலத்துப் பெயர் போச்சே என்று பெருமூச்சு விடுவது சுலபம். எனக்கு உறைப்பது வேறொன்று. மாறியது பெயர் மட்டும் அல்ல, பெயர் வைக்கிற ஆள் மாறியிருக்கிறார். முதல் வரிப் பெயரை வைத்தது குலதெய்வத்தை அறிந்த கிழவி. இரண்டாம் வரியைப் பாதி கோயிலும், பாதி மேடையும் சினிமாக் கொட்டகையும் வைத்தன. மூன்றாம் வரியில் பஞ்சாங்கம் எட்டிப் பார்க்கிறது. நான்காம் வரியில் கைப்பேசி. பெயரிடம் எதைக் கேட்கிறோம் என்பதும் கூடவே மாறிவிட்டது.

போர்டிக்சனே பெயர் மாறிய ஊர். கடலோரத்தில் கரி சுட்ட இடம் என்பதால் மலாய்க்காரர்கள் இதை ஆராங் என்றார்கள். ஆராங் என்றால் கரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர்கள் துறைமுகம் கட்டி, சர் ஜான் பிரெடெரிக் டிக்சன் என்ற அதிகாரியின் பெயரைச் சூட்டினார்கள். 1891இல் சிரம்பானிலிருந்து ரயில் வந்தது. தமிழர்கள் போர்ட்டையும் டிக்சனையும் ஒட்டிப் போர்டிக்சன் ஆக்கினார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் ‘பிடி’. ரப்பர் வந்த பிறகு சுவா பெத்தோங், தானா மேரா, சுங்காலா, பிராட்வால், ஆதர்டன், லிங்கி என்று தோட்டங்களின் பெயர்கள் தமிழர் வாயில் குடியேறின. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தும்வரை வந்துகொண்டே இருந்தவர்களிடம் பெட்டி, படுக்கை அதிகம் இல்லை. பெயர் இருந்தது.

அந்தப் பெயரைக் கொண்டே ஆள் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பச்சையம்மா, மன்னாரு என்றால் பெரும்பாலும் ஆர்க்காட்டுப் பக்கம். பச்சையம்மனும் மன்னார்சாமியும் கூடவே வந்திருக்கிறார்கள். துரோபதை, தருமன், அர்ச்சுனன் என்று ஒரே வீட்டில் கேட்டால் தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் தீமிதி நடக்கும் ஊரை நினைக்கலாம். மருதை, மருதாயி, மருதமுத்து என்றால் திருச்சிச் சீமை. பாவாயி, நல்லாயி, பழனியாயி என்று ‘ஆயி’யில் முடிந்தால் சேலம், திருச்சி மண். மதுரைவீரனைக் கும்பிட்ட வீடுகளில் வீரையாவும் வீரம்மாவும் பிறந்தார்கள். வீரனுடைய இரண்டு மனைவியர் பொம்மியும் வெள்ளையம்மாவும் பெண் குழந்தைகளாக வந்தார்கள். அங்காயிக்குப் பின்னால் அங்காளம்மன். இருளாயிக்குப் பின்னால் இருளப்பசாமி. முனியாண்டி, முனியம்மா இல்லாத தோட்டமே இல்லை. பால்மரக் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணி கட்டி, முனீஸ்வரர் என்று கும்பிட்ட மக்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

மாரிமுத்து என்ற பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாரி அம்மன், முத்து அவள் உடம்பில் இறைக்கிற அம்மை. பெரியம்மை ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில், கொல்லக்கூடிய தெய்வத்தையும் அவள் போடுகிற கொப்புளத்தையும் சேர்த்துப் பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள். பயத்தோடு வைத்த பெயர் அது. உன்னுடைய முத்து இவன், இவனை விட்டுவிடு என்று அம்மனிடம் வைத்த வேண்டுதல்.

வேண்டுதல் பெயர்கள் தோட்டப்புறத்தில் இன்னும் நிறைய. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காடு வெட்டித் திறந்த ஆரம்ப ஆண்டுகள் மலேரியாவின் ஆண்டுகள். பிள்ளை பிறக்கும், தங்காது. இரண்டு, மூன்று பறிகொடுத்த தாய்க்கு அடுத்தது பிறந்தால், எமன் கண்ணுக்கு அது உருப்படியாகத் தெரியக் கூடாது. குப்பையில் ஒரு முறை போட்டு எடுத்தால் குப்பன், குப்பம்மா, குப்புசாமி. நாலு வீட்டில் அரிசியும் துணியும் யாசித்து வளர்த்தால் பிச்சை, பிச்சையம்மா. பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் தவிட்டம்மா. மூக்கைக் குத்தி ஊனப்படுத்தி, இது குறைப்பட்ட பிள்ளை, உனக்கு வேண்டாம் என்று காட்டினால் மூக்கன், மூக்காயி. இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒன்றிரண்டு குழிகள் தோண்டப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய அச்சமும் அல்ல. லுக்குட்டில் ஈயம் தோண்ட வந்த சீனர் குடும்பங்களில் ஆ காவ் என்ற பெயர் சாதாரணம். காவ் என்றால் நாய். நாயென்று கூப்பிட்டால் கெட்ட ஆவி திரும்பிப் பார்க்காது என்பது கணக்கு. ஜாவாவில் ஓயாமல் நோயில் விழுந்த ஒரு சிறுவனுக்கு, வைத்த பெயர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் பெயரையே மாற்றினார்கள். குஸ்னோ என்ற பெயர் போய், மகாபாரதத்துக் கர்ணன் பெயர் வந்தது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் அதிபரான சுகர்னோ. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் பழைய நாளில் பிள்ளைகளை ஹீத்தாம், பூத்தே என்றே அழைத்தார்கள், கருப்பன், வெள்ளையன். மூத்தது சூலோங், கடைக்குட்டி போங்சு. நம் பெரியசாமியும் சின்னசாமியும் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. அரபுப் பெயர்கள் இரண்டு மூன்றாக அடுக்கி வருகிற இன்றைய மலாய்க் குழந்தைகளின் தாத்தாக்கள் அவர்கள். பெயர் மாற்றம் எல்லா வீட்டிலும் நடந்திருக்கிறது.

சீனர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட முடியாது. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த, அல்லது வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் சில, குழந்தையைத் தோட்டத்துத் தமிழரிடம் கொடுத்தன. வாங்கி வளர்த்தவர்கள் லெட்சுமி என்றோ மீனாட்சி என்றோ பெயர் வைத்தார்கள். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாத, புடவை கட்டிய, தீமிதித்த அந்தப் பெண்கள் இந்த நாட்டின் தோட்டங்கள் பலவற்றில் வாழ்ந்தார்கள். பெயர் வைத்த தாய்தான் அவர்களுக்குத் தாய்.

பழைய பெயர்கள் எல்லாவற்றையும் தூக்கிக் கொண்டாட நான் தயாராக இல்லை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்று வைத்தார்களே, அந்தப் பெண் ஒவ்வொரு முறை யாராவது கூப்பிடும்போதும் தான் வேண்டாதவள் என்பதைக் கேட்டாள். சாதியும் பெயருக்குள் ஒளிந்திருந்தது. ‘சாமி’ என்று முடிகிற பெயரை இன்னார்தான் வைக்கலாம் என்று முகம் சுளித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம்மவர்களில் பலர். தோட்டத்தில் தடுக்க ஆள் இல்லை. கடல் தாண்டிய பிறகு பிள்ளைக்குப் பெரியசாமி என்று பெயர் வைத்தது சின்ன விடுதலை அல்ல.

பெயரை வைத்தது பாட்டி என்றால், அதை எழுதியவர் வேறொருவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் கூப்பிட, எழுத்தரான கிராணி செக்ரோல் பதிவேட்டில் குறித்தார். கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. தன் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் இறக்கினார். லெட்சுமி ஒருத்தி பத்து விதமாக எழுதப்பட்டாள். முனியம்மாக்கள் நாலு பேர் இருந்தால் கட்டை முனியம்மா, மேட்டு லயத்து முனியம்மா என்று அடையாளம் சேர்ந்தது. 1948இல் அவசரகாலம் பிறந்து அடையாள அட்டை கட்டாயமானபோது, செக்ரோலில் இருந்த எழுத்தே பலருக்குச் சட்டப்படியான பெயர் ஆகிவிட்டது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், ஐ.சி.யில் இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. இதில் அலட்சியம் காட்டியவர்கள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல. சேமநிதிப் பணம் எடுக்கப் போனால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறப்பைப் பதியாமலே விட்ட வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். குடியுரிமை கேட்டு அலைந்து, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அட்டையோடு முதுமையைக் கழித்தவர்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. தாய் வைத்த பெயர் இருந்தது. அரசாங்கத் தாளில் அது ஏறவில்லை.

இரண்டாம் வரிக்கு வருவோம். அங்கே சட்டென்று காற்று மாறுகிறது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்து இளைஞர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். பால் வெட்டிய பெண்கள் சிலர் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் போஸ், சந்திரபோஸ், நேதாஜி என்ற பெயர்கள் வரத் தொடங்கின. அதுவரை காவல் தெய்வத்தின் பெயரைச் சுமந்த வீட்டில் ஒரு மனிதரின் பெயர் நுழைந்தது அப்போதுதான். கிழவி சம்மதித்தாளோ இல்லையோ, பெயர் வைத்தது தகப்பன்.

அடுத்த அலை தமிழ் அலை. தந்தை பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார். 1954 கடைசியில் மறுபடியும் வந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு தோட்டத்து வாசகசாலை வரை வந்தது. 1952இல் அவர் முன்னெடுத்த தமிழர் திருநாள் ஊர் ஊராகக் கொண்டாடப்பட்டது. தமிழகத்தில் மறைமலையடிகள் வேதாசலம் என்ற தம் பெயரைக் கழற்றியிருந்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் தங்களுக்குச் செய்துகொண்டதை இங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அடுத்த தலைமுறைக்குச் செய்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கு வந்த இளம் ஆசிரியரிடம்தான் தகப்பன்மார் பெயர் கேட்டார்கள். அவர் எழுதித் தந்த தாளில் தமிழ்ச்செல்வி, இளங்கோவன், கலைச்செல்வி, மலர்விழி, தென்னரசு இருந்தன. கண்ணகியும் மணிமேகலையும் லயத்தில் தவழ்ந்தார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைப் படித்த வீடுகளில் வானதியும் நந்தினியும் பிறந்தார்கள்.

இந்த அலையை நான் மிகவும் மதிக்கிறேன். பால்வாளி தூக்கியவரின் பிள்ளைக்கு அரசனின் பெயர், புலவரின் பெயர். சாதி தெரியாத பெயர். பெரட்டில் ‘டேய்’ என்று கூப்பிடப்பட்ட மனிதன், தன் மகனை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று தேடி வைத்த பெயர் தென்னரசு. முந்தின தலைமுறை பிள்ளை சாகாமல் இருக்கப் பெயர் வைத்தது. இந்தத் தலைமுறை பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கப் பெயர் வைத்தது.

இதை இந்த வட்டாரத்தின் பொது வாழ்விலேயே காணலாம். இன்று போர்டிக்சன் என்று அழைக்கப்படும் நாடாளுமன்றத் தொகுதிக்கு முன்பு தெலுக் கெமாங் என்று பெயர். அதன் உறுப்பினர்களாக டி. மாரிமுத்துவும், 1999இல் எஸ்.ஏ. அன்பழகனும், அவர் மறைவுக்குப் பின் 2000இல் எஸ். சோதிநாதனும் வந்தார்கள். அம்மனின் முத்து, தனித்தமிழ், தமிழ்ப்படுத்திய வடமொழி என்று மூன்று காலங்கள் அடுத்தடுத்து. 2018இல் தொகுதியை வென்று, அன்வார் இப்ராஹிமுக்காக அதை விட்டுக்கொடுத்தவரின் பெயர் டன்யால் பாலகோபால் அப்துல்லா. இந்த நாட்டின் கலப்பு முழுவதும் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடும்.

கிறிஸ்தவ வீடுகளின் கதை வேறு பாதையில் போனது. அவர்களிடம் சூசை, சவரிமுத்து, சந்தியாகு, இராயப்பன், சின்னப்பன் இருந்தார்கள். ஜோசப், சேவியர், யாக்கோபு, பேதுரு, பவுல் ஆகியோர் போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகவும் பாதிரிமார் தமிழ் வழியாகவும் நம் மண்ணில் இறங்கிய உருவங்கள் அவை. இன்று அதே குடும்பங்களில் ஜோஷுவாவும் ஜெரால்டும். வந்த பாதை அழிந்து, பெயர் நேராக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

சினிமாப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரோஜா, பத்மினி, சாவித்திரி; பிறகு ராதிகா, ரேவதி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய ஆண்டுகளின் பதிவு அவை.

அதற்குப் பின் வந்த ஈஸ்வரன் காலம்தான் மலேசியாவுக்கே உரியது என்று நினைக்கிறேன். விக்னேஸ்வரன், யோகேஸ்வரன், லோகேஸ்வரி, புவனேஸ்வரி, தினேஷ்வரன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, மக்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பெயர்ந்த காலம். முனியாண்டி சாமி பெரிய கோபுரத்துக்குள் சிவனாக மாறியதுபோல, பிள்ளைகளின் பெயரும் ஆகமப் பெயராக நீண்டது. சுருட்டு, சாராயம் வைத்துக் கும்பிட்ட சாமியின் பெயரைச் சொல்ல வெட்கப்பட ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதே. அந்த வெட்கம் எனக்கு வலிக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பட்டணத்துப் பள்ளியில், வேலை கேட்டுப் போன அலுவலகத்தில், கருப்பாயி மகன் என்று சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது. 2006இல் தேசியப் பதிவிலாகா, வைக்கத் தகாத பெயர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்கள் விரும்பத்தக்கவை அல்ல என்றது. பிள்ளையைக் கேலியிலிருந்து காப்பாற்றும் நல்ல எண்ணம்தான். ஆனால் நிறம் வேண்டாம் என்றால் கருப்பையாவும் கருப்பாயியும் பச்சையம்மாவும் எங்கே போவார்கள்? அவை தோல் நிறத்தைச் சொல்லும் பெயர்கள் அல்லவே. கருப்பண்ணசாமியும் பச்சையம்மனும் நம்மைக் கப்பலில் கூட்டி வந்த சாமிகள். மறுபக்கம், பதிவுப் படிவத்தின் பெயர்க் கட்டத்துக்குள் கருப்பாயி என்று எழுத விரும்பிய தாய் தகப்பன் அந்த ஆண்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும் நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இலாகா சொல்வதற்கு முன்பே நாம் அந்தப் பெயர்களை விட்டுவிட்டோம்.

இனி நான்காம் வரி. லக்‌ஷனாவும் தர்ஷ்வினும் எப்படிப் பிறக்கிறார்கள்?

மருத்துவமனையில் குழந்தை பிறந்த நேரம் கைப்பேசியில் குறிக்கப்படுகிறது. அது ஜோசியருக்குப் போகிறது. ஜோசியர் நட்சத்திரம் பார்த்து எழுத்துத் தருகிறார். இந்த எழுத்து விஷயத்தைக் கவனித்துப் பார்த்தால் இன்றைய பெயர்களின் ஓசைக்கு முக்கியமான காரணம் பிடிபடும். பஞ்சாங்கத்தின்படி அசுவினிக்கு சு, சே, சோ, ல. பரணிக்கு லி, லு, லே, லோ. சுவாதிக்கு ரு, ரே, ரோ, த. அத்தத்துக்கு பு, ஷ, ண, ட. தொல்காப்பியம் படித்தவர்களுக்குத் தெரியும், ரகரமும் லகரமும் டகரமும் ணகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. இராமன், இலட்சுமி என்று முன்னே ஓர் இகரம் சேர்த்துக்கொண்டது அதனால்தான். ஆக, பரணியில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றினால் தமிழ்ப் பெயர் வைக்கவே வழியில்லை. பெற்றோருக்குத் தமிழ் மேல் வெறுப்பு என்று சொல்வது அநியாயம். கையில் கொடுத்த எழுத்திலேயே கதவு மூடியிருக்கிறது.

எழுத்தை வாங்கிக்கொண்டு கைப்பேசியில் தேடுகிறார்கள். ‘ல’வில் தொடங்கும் பெண் பெயர், புதுமையாக, சின்னதாக. வருகிற பெயர்களில் சிலவற்றுக்கு வடமொழியில் பொருள் உண்டு. சிலவற்றுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது, ஓசை மட்டும்தான். பிறகு எண் கணிதம் வந்து ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டும், ஒன்றைக் குறைக்கும். கிராணி காதில் விழுந்தபடி எழுதி உருவான பத்து லெட்சுமிகளுக்கும், எண் பார்த்து எழுதப்படும் பத்து லக்‌ஷனாக்களுக்கும் எழுத்துக்கூட்டலில் பெரிய வேறுபாடு இல்லை. அன்று எழுதியவர் கேட்கவில்லை. இன்று பணம் கொடுத்துக் கேட்கிறோம்.

இந்தப் பெற்றோரின் ஆசை என்ன? வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அதே பெயர் இருக்கக் கூடாது. மலாய் ஆசிரியரும் சீன நண்பரும் தடுமாறாமல் கூப்பிட வேண்டும். வெளிநாட்டுக்குப் போனாலும் செல்ல வேண்டும். இதில் எதுவும் தப்பான ஆசை அல்ல. பிள்ளை தங்குமா என்ற பயம் போய்விட்ட நாட்டில் பெயருக்கு இந்த வேலைதான் மிச்சம். மலேரியா பெரிதும் அடங்கியது, மருத்துவமனை பக்கத்தில் வந்தது, தடுப்பூசி போடுகிறார்கள். குப்பம்மா என்ற பெயரை ஓய்வு பெற வைத்தவர்கள் தாதியரும் மருத்துவரும்தான். அதற்காக நான் மகிழ்கிறேன்.

நடுவே யாழினியும் இருக்கிறாள். நிலா, ஆதிரை, கயல், மகிழன், செழியன், நறுமுகை என்று ஒரு தமிழ்ப் பெயர் வரிசை இந்த இருபது ஆண்டுகளில் மறுபடி எழுந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீடுகளில் முதலில் வந்தது. இப்போது தாமான் வீடுகளுக்கும் பரவுகிறது. சுருக்கமான பெயர், அழகான ஓசை, கேட்டவுடன் பொருள். இன்றைய பெற்றோர் பெயரிடம் கேட்கிற எல்லாமே அதில் கிடைக்கிறது. ஆனால் இந்த வரிசையிலும் அங்காயி இல்லை. சங்க இலக்கியம் வரை போன நாம், நடுவில் அப்பாயி வீட்டு வாசலில் நிற்காமல் போய்விட்டோம்.

நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.சி.யில் நம் பெயர், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி, பிறகு தகப்பன் பெயர். மாரிமுத்துவின் மகன் குமார் ஏ/எல் மாரிமுத்து. குமாரின் மகன் தர்ஷ்வின் ஏ/எல் குமார். மாரிமுத்து அங்கே காணாமல் போகிறார். சீனருக்கு வம்சப் பெயர் முன்னால் நின்று தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டு போகும். நமக்கு ஒரு பெயரின் ஆயுள், அதை உடையவரும் அவர் பிள்ளைகளும் வாழும் காலம் மட்டும்தான். குமாரின் அட்டை திரும்ப ஒப்படைக்கப்படும் நாளில் மாரிமுத்து அரசாங்கத் தாளிலிருந்து முழுவதுமாக இறங்கிவிடுவார்.

பெண்களுக்கு அந்த ஆயுளும் இல்லை. காத்தாயியின் பெயர் அவள் பிள்ளைகள் எவருடைய ஐ.சி.யிலும் ஏறாது. பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற கட்டத்தில் ஒரு முறை எழுதப்படும், அதோடு சரி. இத்தனைக்கும் நாம் வாழ்வது நெகிரி செம்பிலானில். இங்கே அடாட் பெர்பாத்தே வழக்கத்தைப் பின்பற்றும் மலாய்க்காரர்களுக்குச் சூக்கு என்னும் குலம் தாய் வழியாகவே வருகிறது, பூர்வீக நிலமும் தாய் வழியாகவே இறங்குகிறது. தாய்வழியைப் போற்றும் மண்ணில் நூறு ஆண்டு வாழ்ந்தும், நம் வீட்டுக் கிழவிகளின் பெயரைக் காப்பாற்ற ஒரு வழி செய்துகொள்ளவில்லை.

வழி முன்பு இருந்தது. முதல் பேரனுக்குத் தகப்பன்வழித் தாத்தா பெயர், முதல் பேத்திக்குப் பாட்டி பெயர் என்ற வழக்கம் அதற்குத்தான். பேரன் என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது என்பார்கள். முப்பதாம் நாள் தொட்டில் போட்டு, அத்தை மடியில் வைத்துக் காதில் மூன்று முறை சொன்ன பெயர் அது. பிறகு பதிவுச் சட்டம் வந்தது. பிறந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஆனபோது முப்பதாம் நாளின் உயிர் போய்விட்டது. தாளில் ஏற்கெனவே ஏறிவிட்ட பெயரை அத்தை வெறுமனே ஒப்பித்தாள். இன்று தீபகற்பத்தில் அந்த அவகாசம் 60 நாளாக நீண்டிருக்கிறது. முப்பது கும்பிட்டு, பெரியவர்களைக் கூட்டி, அத்தை சொன்ன பிறகு பதிவிலாகாவுக்குப் போனாலும் நேரம் மிச்சம் இருக்கிறது. ஆனால் முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு வருகிறோம்.

என் அண்ணன் மகளுக்கு இது ஏழாம் மாதம். தாமான் வீட்டில், கைப்பேசியில் பெயர்களைப் புரட்டிக்கொண்டிருந்தவளிடம், எங்கள் குடும்பத்தில் கப்பலில் வந்த பெண்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். பெயருக்குப் பக்கத்தில், தெரிந்தவரை, எந்தச் சாமி, எந்த ஊர் என்று குறித்திருந்தேன். வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை; இப்படிச் சிலர் இருந்தார்கள் என்று சொன்னேன். பொறுமையாகப் படித்தாள். மருதாயியில் வந்து நின்றாள்.

“மருதா நல்லாருக்கே சித்தப்பா. இதுவரைக்கும் யாருமே சொல்லலையே.”

அவள் கணவர் வீட்டில் பேச வேண்டும். ஆணா பெண்ணா என்பதை டாக்டர் சொன்னாலும் கேட்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். ஜோசியர் என்ன எழுத்துத் தருவாரோ என்ற கவலை வேறு அவளுக்கு. மகத்தில் பிறந்தால் ம, மி, மு, மெ என்று பஞ்சாங்கமே சொல்கிறது, பார்ப்போம் என்றேன். மற்ற நட்சத்திரம் வந்தால் கூப்பிடும் பெயராகவாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“தாராளமா வைம்மா,” என்றேன். “ஆனா ஐ.சி.யில ஏறுனா இன்னும் நல்லது.”